முதலில் அருங்காட்சியகம், அப்புறம் சவார்

நேயர்களுக்கு வணக்கம். வங்கதேசத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பலரும் டாக்காவில் இறங்கிய கையோடு, நகருக்கு வெளியே சவாரில் உள்ள தேசியத் தியாகிகள் நினைவுச்சின்னத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். 1971இல் பாகிஸ்தானிடமிருந்து விடுதலை பெறப் போராடி உயிர்விட்டவர்களுக்கான சின்னம் அது. நாலு படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் திரும்பியும் விடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் டாக்கா நகருக்குள்ளேயே இருக்கும் விடுதலைப் போர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் என்பேன்.

இது அரசு தொடங்கியதல்ல. 1996இல் எட்டு அறங்காவலர்கள் சேர்ந்து ஒரு பழைய வாடகை வீட்டில் ஆரம்பித்தார்கள். பெட்டியில் பொத்திவைத்திருந்த பொருள்களைக் குடும்பங்கள் கொண்டுவந்து கொடுத்தன. 2017இல்தான் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. 1971இல் பாகிஸ்தான் ராணுவத்தினர் கொன்ற ஒரு பச்சிளங்குழந்தையின் சட்டை அங்கே இருக்கிறது. நம் உள்ளங்கை இரண்டையும் விரித்தால் அதற்குள் அடங்கிவிடும். அதற்கு முன்னால் நின்றவர்களுக்குப் போர் என்பது தேதியும் தளபதி பெயரும் மட்டும் அல்ல என்பது புரிந்துவிடும். டாக்காவின் மிர்பூர் பகுதியில் இருந்த கொலைக்களத்தில் 1999இல் தோண்டியெடுத்த எலும்புகளும் அங்கே உண்டு. சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வானொலியில் பேசிக்கொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் போரில் வானொலியும் ஓர் ஆயுதம். 1971 மார்ச் 26 அன்று சிட்டகாங் அருகே காலூர்காட்டிலிருந்து 'சுதந்திர வங்காள வானொலி' பேசத் தொடங்கியது. ராணுவம் அங்கே குண்டு போட்டது. நிலையத்தார் இடம் மாறி, பிறகு கொல்கத்தாவிலிருந்து ஒலிபரப்பினார்கள். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துவைத்து மக்கள் கேட்டார்கள்.

சரி, இப்போது சவாருக்குப் போகலாம். 150 அடி உயரக் கான்கிரீட் சின்னம். சையத் மைனுல் ஹுசைன் வடிவமைத்தது, 1982இல் முடிந்தது. நேர் எதிரே நின்றால் வானத்தைக் குத்தும் ஒற்றைக் கோபுரமாகத் தெரியும். பக்கவாட்டில் நடந்தால் அது ஏழு ஜோடி முக்கோணச் சுவர்களாகப் பிரியும். வெளிச்சுவர் குட்டையாக, அகலமாக இருக்கும். உள்ளே போகப் போக அகலம் குறுகி உயரம் கூடும். 1952 மொழிப் போராட்டம், 1954 தேர்தல், 1956, 1962, 1966 இயக்கங்கள், 1969 மக்கள் எழுச்சி, 1971 போர் என ஏழு கட்டங்களை அவை குறிக்கின்றன. போர் நடந்தது ஒன்பது மாதம்தான். ஆனால் அந்த மக்கள் தங்கள் விடுதலைக் கணக்கைத் தாய்மொழிக்காக டாக்கா தெருவில் உயிர்விட்ட மாணவர்களிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அந்தச் சின்னத்தில் மிகப் பெரியதாகப் படுவது இதுதான்.

வளாகத்தில் பெயர் தெரியாதவர்களின் கூட்டுக் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே செல்ஃபி வேண்டாம். சுதந்திர நாளான மார்ச் 26, வெற்றி நாளான டிசம்பர் 16 ஆகிய நாள்களில் கூட்டம் அலைமோதும். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாளில் போகலாம். டாக்கா போக்குவரத்து நெரிசல் ஊரறிந்தது. அதனால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். வணக்கம்.