1314-ல கில்ட்டா? போதும்டா சாமி!

வணக்கம் மக்களே! இன்னைக்கு ஒரே காண்டு. புதுசா வந்த ஸ்காட்லாந்து போர் நாவல் ஒண்ணு. பேர் சொல்ல மாட்டேன், திட்டுற புத்தகத்துக்கு நம்ம சேனல்ல விளம்பரம் கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். கதை 1314, ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின பானக்பர்ன் போர். அட்டையில நைட், அதாங்க கவசக் குதிரைவீரர், ஒருத்தர் கட்டம் போட்ட கில்ட்ல, அதான் ஸ்காட்லாந்து ஆம்பளைங்க போடுற பாவாடை மாதிரி உடுப்புல, நிக்கிறாரு! அந்த உடுப்பு 16-ம் நூற்றாண்டுக் கடைசியிலதாங்க வருது. இதுக்கு 899 ரூபா. கெட்டி அட்டை கூட இல்ல, 899!

அப்போ என்னதான் போட்டாங்க? 1318-ல ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் புரூஸ் போட்ட சட்டமே இருக்கு. 10 பவுண்டு மதிப்புக்குப் பொருள் இருக்கிறவன் உள்ள திணிப்பு வச்சுத் தைச்ச கெட்டி அங்கி, இரும்புத் தொப்பி, தகடு வச்ச கையுறை, வாள், ஈட்டி எல்லாம் வச்சிருக்கணும். ஒரு பசுமாடு அளவுதான் சொத்தா? ஒரு ஈட்டி, இல்லேன்னா வில்லும் 24 அம்பும். கில்ட் எங்கப்பா?

சண்டையும் சொதப்பல். ஈட்டிக்காரங்க நெருக்கி நிக்கிற அணிக்கு ஷில்ட்ரான்னு பேரு. 1298-ல ஃபால்கர்க் போர்ல ஸ்காட்லாந்துத் தலைவர் வாலஸ் அதை வட்டமா ஒரே இடத்துல நிறுத்தினாரு. இங்கிலாந்து வில்லாளிங்க நின்ன இடத்துலயே சாய்ச்சாங்க, விழுந்த இடைவெளியில குதிரைப்படை புகுந்துடுச்சு. பானக்பர்ன்ல புரூஸ் அந்த அணியை முன்னால நடக்க வச்சாரு. வில்லாளிங்களைக் கலைக்க ராபர்ட் கீத்தோட இலகு குதிரைப்படை, சுமார் 500 பேர். நாவல்ல கீத்தே இல்ல! ஆங், குழியை விட்டுட்டேன். எதிரி குதிரை வர்ற வழியில முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, மேல குச்சியும் புல்லும் போட்டு மூடி வச்சிருந்தாங்க. அது மட்டும் நாவல்ல அருமை, ஒத்துக்கிறேன்.

எனக்குத் தாங்காதது ஃபிலிப் மோப்ரே விஷயம். ஸ்காட்லாந்துக்காரர், ஆனா இங்கிலாந்துக்காக ஸ்டிர்லிங் கோட்டையைக் காத்தவர். நாவல்ல 'துரோகி'ன்னு ஒரே வரியில காலி. தோத்து ஓடி வந்த இங்கிலாந்து ராஜா இரண்டாம் எட்வர்டு கதவைத் தட்டுறாரு. கோட்டையை ஒப்படைக்கிறதா ஏற்கெனவே ஒப்பந்தம், உள்ள விட்டா ராஜாவே பிடிபடுவாரு. வராதீங்கன்னு திருப்பி அனுப்பிட்டு, கோட்டையைக் குடுத்துட்டு, புரூஸ் பக்கம் சேர்ந்தாரு. அந்தக் காலத்துல பல பிரபுக்களுக்கு ரெண்டு நாட்டுலயும் நிலம். நவம்பர் 1314-ல கேம்பஸ்கென்னத்ல கூடின பாராளுமன்றம், இன்னும் புரூஸைப் பணியாதவங்க ஸ்காட்லாந்து நிலம் பறிபோச்சுன்னு முடிச்சுடுச்சு. யாரு பக்கம் நின்னாலும் பாதிச் சொத்து அம்பேல்!

மோப்ரேயை ஹீரோவா வச்சு நாவல் ஏதாவது இருந்தா கமெண்ட்ல போடுங்க, உடனே ஆர்டர் பண்ணிடறேன்.