போர்ச்சுகல் லாகோஸ்: குகையைப் பார்த்துவிட்டு அப்படியே கிளம்பிவிடாதீர்கள்

[காட்சி: பழைய கோட்டைச் சுவர். கேமரா மெதுவாக ஒரு கல் ஜன்னலை நெருங்குகிறது.]

முதலில் இந்த ஜன்னலைப் பாருங்கள். சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே, செதுக்கிய கல் சட்டத்தோடு இருக்கிறதே, அதுதான். 1578ல் செபஸ்தியான் என்ற 24 வயது ராஜா, மொரோக்கோ மேல் படையெடுத்துப் போவதற்கு முன்னால், இங்கே நின்றுதான் கீழே நடந்த பூசையைக் கேட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே நிற்கும் யாரிடமாவது விரலை நீட்டி "அது என்ன?" என்று கேட்டால் 'ஜனெலா' என்பார். ஆமாம், நம் ஜன்னல்தான். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கும் இலங்கைக்கும் கப்பலில் வந்தவர்கள் நம் வாயில் விட்டுப் போன சொல். சாவி, அலமாரி எல்லாம் அதே கப்பலில் வந்தவைதான். இன்னும் ஒரு சொல் இருக்கிறது, அதை இதே ஊரில் வேறொரு இடத்துக்குப் போனதும் சொல்கிறேன்.

[காட்சி: வரைபடம். ஐரோப்பாவின் தென்மேற்கு முனை, அல்கார்வ் கரை.]

ஊர் பெயர் லாகோஸ். அவர்கள் வாயில் அது 'லாகுஷ்' என்று வரும். நைஜீரியாவில் இருக்கும் பெரிய நகரம் வேறு, டிக்கெட் போடும்போது கவனம். இது போர்ச்சுகலின் தெற்குக் கரையில், அல்கார்வ் பகுதியின் மேற்குப் பக்கம் இருக்கும் சின்ன ஊர். லிஸ்பனிலிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறக்குறைய 4 மணி நேரம். ரயிலில் வந்தால் துனெஷ் என்ற இடத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். அந்தப் பாதை லாகோஸோடு முடிந்துவிடும், அதனால் தூங்கிவிட்டாலும் ஊரைத் தாண்டிப் போய்விட வழியில்லை. ஸ்டேஷனிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு படகுத்துறை வழியாக ஒரு நடைபாலத்தைத் தாண்டினால் ஊர் வந்துவிடும்.

இங்கே வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் குகை பார்க்கத்தான் வருகிறார்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, உண்மையிலேயே பிரமாதமான இடம். ஆனால் குகை, பீச், செல்ஃபி, கிளம்பு என்று போய்விட்டால் பாதி ஊரைப் பார்க்காமல் போகிறீர்கள். என்னைக் கேட்டால் காலையில் கடல், மதியம் சாப்பாடும் நிழலும், வெயில் தாழ்ந்த பிறகு ஊர்.

[காட்சி: காலை ஏழரை மணி. மஞ்சள் பாறைகள், அமைதியான பச்சைத் தண்ணீர், இரண்டு கயாக்.]

சரி, கடலிலிருந்தே ஆரம்பிப்போம். ஊருக்குத் தெற்கே நீண்டிருக்கும் முனைக்குப் பொன்டா ட பியெடாடெ என்று பெயர். நுனியில் ஒரு சின்ன கலங்கரை விளக்கம், 1913ல் கட்டியது. அதற்குக் கீழேதான் விஷயமே. சுண்ணாம்புக்கல் பாறையை அலையும் மழைத்தண்ணீரும் சேர்ந்து அரித்து அரித்து வளைவு, தூண், சுரங்கம், குகை என்று குடைந்து வைத்திருக்கின்றன. இந்தக் கல் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தது, அதனால் கையை வைத்தால் பழைய சிப்பிகள் கல்லாகிப்போய் அப்படியே தட்டுப்படும், நானும் படகை ஓரமாகப் பிடித்துக்கொண்டு தடவிப் பார்த்தேன், நம் பழைய வீட்டுச் சுவரில் காரை உதிர்ந்த இடம் மாதிரிதான் இருந்தது, அதில் அரைச் சிப்பி ஒன்று, விளிம்பின் வரிகள்கூட அழியாமல்.

ஏன் காலையில் போகச் சொல்கிறேன்? ஊரிலிருந்து முனை வரைக்கும் கரை கிழக்குப் பார்த்து இருக்கிறது. காலை வெயில் பாறை முகத்தில் நேராக விழும்போது அது மஞ்சளும் ஆரஞ்சுமாக எரியும், மதியத்துக்குப் பிறகு அதே பாறை நிழலுக்குள் போய் மங்கிவிடும். அடுத்தது காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் வடக்கிலிருந்து 'நொர்டாடா' என்று ஒரு காற்று எடுக்கும், அப்போது கயாக்கில் துடுப்புப் போடுவது பொழுதுபோக்கு இல்லை, தண்டனை. அப்புறம் கூட்டம். பதினோரு மணிக்கு மேல் குகை வாசலில் படகுகள் வரிசை கட்டி நிற்கும்.

கயாக்கா, மோட்டார் படகா என்றால், தோளில் வலு இருந்தால் கயாக்தான். இரண்டு மணி நேரம் ஆகும், இடுக்குகளுக்குள் நுழையலாம், சத்தம் கிடையாது. வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட இருந்தால் சின்ன மோட்டார் படகு. படகோட்டி ஒவ்வொரு பாறையையும் காட்டி இது யானை, இது ஒட்டகம் என்பார். யானை எனக்குச் சட்டென்று தெரிந்தது. ஒட்டகம் இன்றுவரை தெரியவில்லை, ஆனால் மற்றவர்கள் 'ஆஹா' என்றதால் நானும் சொல்லிவைத்தேன்.

[காட்சி: மரப்படிகள், கீழே சின்ன வளைந்த கடற்கரை.]

தண்ணீரில் இறங்க மனமில்லை என்றால் மேலேயே நடக்கலாம். பாறை விளிம்பை ஒட்டி மரத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள், செலவே இல்லாமல் கிடைக்கும் நல்ல காட்சி அதுதான். வழியில் பீச்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். காமிலோ பீச்சுக்கு 200 படி இறங்க வேண்டும், இறங்கும்போது யாருக்கும் நினைவு வராது, திரும்பி ஏற வேண்டியது அதே 200 படிதான். டோனா ஆனா கொஞ்சம் பெரியது, 2015ல் வெளியிலிருந்து மணல் கொட்டி அகலப்படுத்தினார்கள், இயற்கையைக் கெடுத்துவிட்டார்கள் என்று அப்போது பெரிய சண்டை. எஸ்துதாந்தெஸ் பீச்சில் பாறைக்குள் குடைந்த சுரங்கத்தில் நுழைந்தால், ரோமானியர் கட்டியது போலத் தோன்றும் ஒரு வளைவுப் பாலத்தடியில் வெளியே வருவீர்கள். ஊருக்கு அந்தப் பக்கம் மெயா பிராயா, 4 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மணல். பந்து விளையாட, நடக்க அது போதும், பாறை அழகு கிடையாது.

இரண்டு எச்சரிக்கை. பாறைச் சுவரை ஒட்டித் துண்டு விரிக்காதீர்கள், நிழல் கிடைக்கிறது என்று ஆசை வரும், ஆனால் இந்தப் பாறை இடியும். 2009ல் இதே அல்கார்வ் கரையில் அல்புஃபெய்ரா பக்கம் பாறை சரிந்து பீச்சில் இருந்த 5 பேர் இறந்தார்கள். பலகை வைத்திருக்கும் இடத்தில் பலகையை மதியுங்கள். இன்னொன்று, கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் விடுதியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வற்றும்போது ஒரு பீச்சிலிருந்து அடுத்ததற்கு மணலிலேயே நடந்து போனவர்கள், ஏறிய பிறகு திரும்ப வழியில்லாமல் நிற்பது இங்கே சகஜம்.

[காட்சி: மீன் மார்க்கெட். வெள்ளைச் சலவைக்கல் மேடையில் மத்தி, பேய்க்கணவாய்.]

மதியம் சாப்பாடு. கடற்கரைச் சாலையில் 1924ல் திறந்த மார்க்கெட் இருக்கிறது, கீழே மீன், மாடியில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்க்கலாம். காலையிலேயே போனால்தான் மீன் இருக்கும். கோடையில் மத்திதான் ராஜா. மசாலா எதுவும் கிடையாது, கல் உப்பைத் தூவிக் கரியில் முழுசாகச் சுட்டு ரொட்டியோடு தருவார்கள், முதல் வாயில் "இவ்வளவுதானா?" என்று தோன்றும், மூன்றாவது மீனில் தோன்றாது. நான்கு பேர் இருந்தால் கட்டபிளானா சொல்லுங்கள். அது பாத்திரத்தின் பெயர், செம்பில் செய்தது, இரண்டு கிண்ணத்தைக் கீல் போட்டுச் சேர்த்த மாதிரி, சிப்பி போலத் திறந்து மூடும். உள்ளே மட்டி, இறால், மீன், தக்காளி, வெங்காயம் எல்லாம் தன் ஆவியிலேயே வேகும். மேஜையில் வைத்து மூடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்காகவே சொல்லலாம்.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் ஓர் உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், மீன் விழுது எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தாளிக்கு வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி மரியாதை என்று நினைத்து மொத்தத்தையும் காலி செய்தேன். பில்லில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காசு. இதற்கு 'கூவெர்ட்' என்று பெயர், நாடு முழுக்க வழக்கம், ஏமாற்று இல்லை. வேண்டாம் என்றால் தொடாமல் எடுத்துப் போகச் சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

[காட்சி: சதுக்கம். வட்ட முகத்தோடு ஒரு கல் பையன், காலடியில் தலைக்கவசம்.]

சாயங்காலம் ஊருக்குள் நடப்போம். செருப்பு முக்கியம். தெருவெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் கல் பதித்தது, வருஷக்கணக்கில் கால் பட்டு எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி வழுக்கும்.

ஜில் யானெஷ் சதுக்கத்தில் நிற்பவர்தான் நாம் முதலில் பார்த்த ஜன்னல் ராஜா செபஸ்தியான். சிற்பி ஜுவான் குட்டிலெய்ரோ, 1973. செபஸ்தியான் இந்த ஊருக்கு நகர அந்தஸ்து கொடுத்தது 1573ல், அதன் 400ஆவது வருஷத்தில் வைத்த சிலை. ராஜா என்றால் குதிரை, வாள் என்று எதிர்பார்ப்போம். இங்கே பைக்கிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கும் பையன் நிற்கிறான். எனக்கு ஊரிலேயே பிடித்த சிலை இதுதான். ஏனென்றால் அந்தப் பையன் மொரோக்கோவிலிருந்து திரும்பவே இல்லை. அல்காசர் கிபிர் போரில் செத்தான், வாரிசு கிடையாது, இரண்டே வருஷத்தில் நாடு ஸ்பெயின் ராஜா கைக்குப் போய் 60 வருஷம் அங்கேயே இருந்தது. பனிமூட்டமான ஒரு காலையில் செபஸ்தியான் திரும்பி வருவார் என்று அதற்குப் பிறகும் பல தலைமுறை காத்திருந்தார்கள்.

நாலு தெரு தள்ளி சாந்து அந்தோனியு கோயில். வெளியே வெள்ளைச் சுவர், நம்பிக்கையே வராது. உள்ளே போனால் சுவர் முழுக்கத் தங்கமுலாம் பூசிய மரச் செதுக்கல், தேவதைக் குழந்தைகள், மிருகங்கள், மீன்பிடிக்கும் ஆட்கள் என்று கண்ணுக்கு ஓய்வே இல்லை. 1755 நிலநடுக்கமும் அதன் பின்னால் வந்த கடலும் ஊரை நொறுக்கிப்போட்ட பிறகு, 1769ல் திரும்ப எடுத்துக் கட்டியது. இந்த அந்தோனியார் சும்மா புனிதர் இல்லை, 1668ல் லாகோஸ் படைப்பிரிவில் சிப்பாயாகப் பெயர் பதிந்து, பிறகு கேப்டனாகப் பதவி உயர்வும் வாங்கியவர். செத்து நானூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு!

[காட்சி: இன்ஃபான்டெ சதுக்கம். நான்கு வளைவுகள் கொண்ட சின்னக் கட்டடம். பின்னணி இசை நிற்கிறது.]

இப்போது அந்த இன்னொரு சொல். 'லெய்லாவுங்' என்பார்கள். நம்மிடம் அது ஏலம்.

1444 ஆகஸ்ட் 8ஆம் தேதி, மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பிடித்துவந்த 235 பேரை இந்த ஊர் வாசலுக்கு வெளியே ஒரு திடலில் நிறுத்திப் பங்கு போட்டார்கள். அரசவை வரலாற்றாசிரியர் ஸுராரா அதை எழுதிவைத்திருக்கிறார். பங்குகள் சமமாக வரவேண்டும் என்பதற்காகத் தாயையும் பிள்ளையையும் பிரித்ததும், பிரித்த பிள்ளைகள் திரும்பத் தாயிடம் ஓடியதும் அதில் இருக்கிறது. இளவரசர் என்ரிக், உலகம் 'கடலோடி ஹென்றி' என்று கொண்டாடும் அதே ஆள், குதிரைமேல் உட்கார்ந்து பார்த்து, ஐந்தில் ஒரு பங்கான 46 பேரைத் தன் உரிமையாக எடுத்துக்கொண்டார். அவருடைய சிலை இதே சதுக்கத்தின் நடுவில் இருக்கிறது. இந்தக் கட்டடம் பிந்தைய காலத்தது, 2016லிருந்து அடிமை வியாபாரம் பற்றிய சின்ன அருங்காட்சியகம். அரை மணி போதும், ஆனால் போங்கள்.

அப்புறம் பத்து நிமிஷம் நடந்து கோட்டைச் சுவருக்கு வெளியே வாருங்கள். 2009ல் இங்கே நிலத்தடி கார் நிறுத்தம் கட்டத் தோண்டியபோது, பழைய குப்பைமேட்டுக்குள் 158 ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. சிலரைக் கட்டிப்போட்டபடியே வீசியிருந்த அடையாளம் இருந்தது. கார் நிறுத்தத்தைக் கட்டி முடித்தார்கள். அதன் மேலே இப்போது இருப்பது மினி கோல்ஃப் திடல். நான் போன அன்று ஓர் அப்பாவும் மகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பந்து குழிக்குள் விழுந்ததும் அந்தக் குழந்தை கை தட்டியது. அதன்மேல் எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை. இந்த இடத்துக்கு இதை யோசித்தவர்கள் மேல் வந்தது.

[காட்சி: இரவு. இனிப்புக் கடைக் கண்ணாடி, வண்ண ஜரிகைத் தாளில் சுற்றிய பொட்டலங்கள்.]

ராத்திரி ஒரு டோம் ரொட்ரிகோ வாங்கிச் சாப்பிடுங்கள், இந்த ஊர் இனிப்பு. முட்டை மஞ்சள்கருவைச் சர்க்கரைப் பாகில் நூல் நூலாக இழுத்து, பாதாம் பொடி சேர்த்து, பளபளக்கும் தாளில் முடிச்சாகச் சுற்றித் தருவார்கள். ஒன்றை இரண்டு பேர் பகிரலாம், நம் ஊர் இனிப்புக்குப் பழகிய நாக்கே கொஞ்சம் திணறும்.

எப்போது வருவது என்றால் மே, ஜூன், இல்லாவிட்டால் செப்டம்பர். ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் தலைக்கு மேல். ஆனால் ஆகஸ்டில்தான் வர முடியும் என்றால் 29ஆம் தேதி ராத்திரி இங்கே இருக்கப் பாருங்கள். அன்று ஒரு தடவை கடலில் முங்கினால் 29 தடவை முங்கியதற்குச் சமம் என்று பழைய நம்பிக்கை, நடு இரவில் ஊரே சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடும். கோடையிலும் இந்தக் கடல் 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். நானும் பேன்ட்டை மடித்துக்கொண்டு வீராப்பாக இறங்கினேன். முழங்காலோடு சரி.