கல்லாப்பெட்டிக்கு அருகில் ஒரு புத்தகம்

(நூலக வார விழாவையொட்டித் தண்டையார்பேட்டையில் காகித வணிகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, சக வணிகர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடை வைத்திருக்கும் என்னிடம், இளம் வணிகர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "ஐயா, தொழிலுக்குப் பயன்படுகிற மாதிரி நாலு புத்தகம் சொல்லுங்கள்." தொழிலுக்கு நேரடியாகப் பயன்படாத புத்தகத்தை முதலில் எடுங்கள் என்பதே என் பதில். கடையில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் எதிரே வரும் மனிதரை ரொக்கமா, கடனா, பாக்கியா என்றே நாம் அளந்துகொண்டிருக்கிறோம். அந்த அளவுகோலைச் சற்று நேரமாவது கீழே வைக்கச் செய்வது கதையும் கவிதையும் வரலாறும்தான்.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த சிறு அச்சகங்கள் ஆஃப்செட் என்னும் புதிய அச்சு முறை வந்த பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்தில், என்னிடம் பாக்கி வைத்திருந்த அச்சகக்காரர் ஒருவர் கடை வாசலில் வந்து பேசாமல் நின்றார். தறி நின்றுபோன ஒரு நெசவாளர் குடும்பத்தைப் பற்றிய நாவலை அந்த நாட்களில்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன். அவரை நிற்க வைத்துக் கணக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உட்காரச் சொல்லி, வீட்டு நிலவரத்தை விசாரித்து, தவணைக்கு ஒப்புக்கொண்டேன். பாக்கி முழுவதும் வசூலானதா என்பது இங்கே பேச்சல்ல. ஒரு மனிதரிடம் நான் பேசும் விதத்தைப் புத்தகம் மாற்றியது.

வணிகமும் எழுத்தும் ஒட்டாதவை என்று நம்மவர்கள் சிலர் நினைக்கிறார்கள். மணிமேகலையைப் பாடிய சாத்தனாரை நம் மரபு கூலவாணிகன், அதாவது தானிய வணிகர் என்றே அழைக்கிறது. சங்கப் புலவர்களுள் அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். நற்றிணையில் மதுரை ஓலைக்கடையத்தார் நல்வெள்ளையார் என்றொரு புலவர் இருக்கிறார். எழுதும் ஓலை விற்ற கடையோடு அவருக்குத் தொடர்பு இருந்திருக்குமானால், அவர் என் தொழிலுக்கு மூத்தவர் என்று எண்ணிப் பெருமைப்படுகிறேன். நம் காலத்துக்கு வந்தால், செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தேடித் தேடிச் சேர்த்த தமிழ் நூல்களை, 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அந்தச் சேகரிப்பைக் கொண்டே 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

என் வாசிப்புக்கென்று பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. காலையில் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகள் சரக்கேற்ற வந்து நிற்பதற்கு முன்னால் கிடைக்கும் நேரம் புத்தகத்துக்கு உரியது. அப்போது ரேட் விசாரிக்கும் போனைக்கூட எடுப்பதில்லை. புத்தகத்தைக் கையில் வாங்கியதும் தாளைத் தடவிப் பார்ப்பது தொழில் தந்த பழக்கம். காகிதத்தின் நார் ஓடும் திசை முதுகுக் கட்டுக்கு இணையாக அமைந்த புத்தகம் மேசையில் பணிந்து விரிந்து கிடக்கும். குறுக்காக அமைந்துவிட்டால் விறைத்துக்கொண்டு மூடிக்கொள்ளும். 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய சில நூல்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சானவை என்பதால் பழுத்து, ஓரம் தொட்டால் பொடியாக உதிர்கின்றன. அவற்றின் ஒவ்வொரு தாளையும் விரித்த உள்ளங்கையில் முழுதாகத் தாங்கித்தான் புரட்ட வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் படிக்கும்போது ஒரு வரியைக்கூட மேலோட்டமாகக் கடந்துபோக மனம் வருவதில்லை.

வீட்டில் புத்தகம் சேர்ப்பவர்கள் சேர்க்கட்டும். எல்லாராலும் அது இயலாது. வடசென்னையின் ஒண்டுக்குடித்தன வீடுகளில் அலமாரிக்கு இடமேது? அதனால்தான் கிளை நூலகத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியே, நாம் செலுத்தும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. கடைக்கும் கிடங்குக்கும் ஆண்டுதோறும் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, நூலக வாசலை மிதிக்காமலே இருக்கும் வணிகர்கள் நம்மில் எத்தனை பேர்! பணம் கட்டிய சரக்கை எடுக்காமல் விடுகிற வழக்கம் நம் தெருவில் வேறெதிலும் கிடையாது.

உறுப்பினர் விண்ணப்பப் படிவங்கள் வாசலருகே மேசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு ஒன்றும், கடையில் வேலை செய்யும் தம்பிகளுக்குத் தலைக்கு ஒன்றும் எடுத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தம்பிகளுக்கான காப்புத் தொகையை முதலாளிகளான நாமே கட்டுவோம். என் கடைப் பிள்ளைகளின் படிவங்களை நிரப்பி இப்போதே கொண்டு வந்திருக்கிறேன். நூலகர் அம்மா அவற்றை அன்புடன் பெற்றுக்கொள்ள வேண்டும். வணக்கம்.