யாருடைய முறைப்படி ஜெபிப்பது?

அடுத்த கேள்வி. "போலந்திலிருந்து வந்த யூதரும் மொராக்கோவிலிருந்து வந்த யூதரும் ஒரே ஜெப ஆலயத்தில் இருந்தால் யாருடைய முறைப்படி ஜெபிப்பார்கள்? சண்டை வராதா?" என்று ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார்.

வரும், வந்தும் இருக்கிறது. ஆனால் பொதுவாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சபை கேட்கச் சொல்வது சபையின் முறைப்படி, வாய்க்குள் சொல்வது அவரவர் முறைப்படி.

ஜெப முறையை அவர்கள் 'நுசாஹ்' என்பார்கள். கெதுஷா என்று ஓர் இடம் வரும். எல்லாரும் எழுந்து, பாதங்களைச் சேர்த்து வைத்து, ஏசாயா 6-ல் வருகிற "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்பதைச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் குதிகால் மேலே எழும். வசனம் எல்லாருக்கும் ஒன்றுதான், அதற்கு முந்தின வரிதான் மாறும். காலை ஜெபத்தில் அஷ்கெனாசியர், அதாவது போலந்து போன்ற ஐரோப்பிய நாடுகளின் வழி வந்தவர்கள், 'நெகதேஷ்' என்று தொடங்குவார்கள். செபராதியர், அதாவது ஸ்பெயின், மொராக்கோ வழி வந்தவர்கள், 'நக்திஷாக்' என்பார்கள். விருந்தாளியாகப் போனவர் தன் வரியை உரக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவருக்கு அடி தவறிப்போகும்.

முன்னால் நின்று நடத்துகிறவருக்குத்தான் இது கஷ்டம். அப்பாவை இழந்தவர், அந்த வருடம் சபைக்கு முன்னால் நின்று ஜெபம் நடத்த ஆசைப்படுவார். அப்பா சொல்லிக்கொடுத்த முறையை விட்டுவிட்டுச் சபையின் முறையில் நடத்த வேண்டும் என்பதுதான் பொதுவான தீர்ப்பு. இஸ்ரவேலில் பல ஆலயங்கள், 'நடத்துகிறவர் முறையே போதும்' என்று விட்டுவிடுகின்றன. எனக்கு அது நல்லதாகத் தோன்றுகிறது.

சபையின் முறையோடு போக வேண்டும் என்பதற்கு ஆதாரம் எது? உபாகமம் 14:1. நம் தமிழ் வேதாகமத்தில் அது செத்தவனுக்காக உடலைக் கீறிக்கொள்ளக் கூடாது என்றுதான் இருக்கும். அந்த எபிரேயச் சொல்லையே, யூத ரபிமாரின் விளக்க நூலான தல்மூத், 'கட்சி கட்சியாகப் பிரியாதே' என்றும் வாசிக்கிறது. ஒரே சொல்லில் உடம்பில் விழும் கீறலும் வருகிறது, சபையில் விழும் கீறலும் வருகிறது.

அப்புறம், எல்லாருக்கும் ஒரே முறை வைத்தால் என்ன என்றும் பார்த்தார்கள். இஸ்ரவேல் படையின் முதல் தலைமை ரபி ஷ்லோமோ கோரன், ஏமனியரும் போலந்துக்காரரும் ஒரே முகாமில் சேர்ந்து ஜெபிக்கட்டும் என்று பொது ஜெபப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். படைக்கு வெளியே அது பெரிதாக எடுபடவில்லை. வீட்டுக்கு வந்தால் அவரவர் கையில் அப்பாவின் புத்தகம்தான்.