140-இல் திரும்புவோம்

நேயர்களுக்கு வணக்கம். கடலடியில் கிடக்கும் கப்பல்களைக் குழுவாகச் சென்று பார்த்த அனுபவத்தைப் பேச அழைத்திருக்கிறார்கள். கப்பலுக்குப் போகுமுன் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 140.

முதுகில் கட்டிக்கொள்ளும் சிலிண்டரில் காற்றை ஏறக்குறைய 210 பார் அழுத்தத்தில் அடைத்துத் தருவார்கள். கப்பலுக்குள் நுழைகிறவர்கள் அதை மூன்றாகப் பங்கு போடுவார்கள். போவதற்கு 70, வருவதற்கு 70, எதிர்பாராமல் நேர்வதற்கு 70. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் 140-ஐத் தொட்டதும் திரும்பிவிட வேண்டும். குழுவில் ஆறு பேர் இருந்தால், யாருடைய முள் முதலில் தொடுகிறதோ அவரோடு மற்ற ஐவரும் திரும்ப வேண்டும். தன் சிலிண்டரில் இன்னும் 170 இருக்கிறது என்று யாரும் நின்றுவிடக் கூடாது.

தண்ணீருக்குள் சிலிண்டர் காற்று எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டர் ஆழத்தில் மேலே இருந்ததைப்போல நான்கு மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் நான்கு மடங்கு காற்று செலவாகும். மேலே ஒரு மணி நேரம் வருகிற சிலிண்டர் அங்கே கால் மணி நேரம்தான் வரும். அதே ஆழத்தில் நைட்ரஜன் மயக்கமும் தலைகாட்டத் தொடங்கும். லேசான போதை மாதிரி, எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். அந்த நேரத்தில் உட்கார்ந்து முடிவெடுக்க முடியாது. ஆகவே முடிவைப் படகிலேயே எடுத்துவிட்டுத்தான் குதிக்க வேண்டும்.

எந்தக் கப்பலுக்குப் போவது என்பதையும் அப்படித்தான் தீர்மானிக்க வேண்டும். குழுவிலேயே குறைந்த பயிற்சி உள்ளவருக்கு எந்த ஆழம் தகுமோ அதுதான் குழுவின் ஆழம். 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. நம்மைப் போன்ற பொழுதுபோக்கு முக்குளிப்பவர்களுக்கு எல்லை 40 மீட்டர். ஆசை எவ்வளவு இருந்தாலும், அதற்கென்று தனிப் பயிற்சி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக்கு அப்பால் யோங்காலா என்றொரு பயணிகள் கப்பல். 1911-இல் புயலில் சிக்கி 122 பேரோடு மூழ்கியது, ஒருவர்கூடத் தப்பவில்லை. அதைச் சுற்றிப் பார்க்கலாம், உள்ளே நுழையத் தடை. அந்தத் தடை சரி என்றே நான் நினைக்கிறேன். அது அவர்கள் உறங்கும் இடம்.

நாங்கள் ஆறு பேர் போனது ஒரு பழைய சரக்குக் கப்பலுக்கு. மேல்தளம் 18 மீட்டரில், அடித்தரை 28 மீட்டரில். ஜோடி ஜோடியாகக் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். பாதி தூரம் வரை ஒன்றுமே தெரியவில்லை. பிறகு நீலத்துக்குள் ஒரு நேர்கோடு தெரிந்தது. கடலில் தானாக நேர்கோடு உண்டாகாது, அதனால்தான் கண் அதை உடனே பிடித்துக்கொள்கிறது. இன்னும் இறங்க இறங்க அந்தக் கோடு கைப்பிடிக் கம்பியாகியது. கம்பி முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. டார்ச்சை அடித்தேன், அத்தனையும் செக்கச்செவேலென்று எரிந்தது. பவளமும் கடற்பஞ்சும்! ஆழத்தில் முதலில் மறைவது சிவப்புதான். அந்த நிறம் அங்கேயேதான் இருக்கிறது, சிவப்பு வெளிச்சம் போய்ச் சேராததால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரக்கறைக்குள் நுழைந்தபோதுதான் அது நடந்தது. தவறு என்னுடையது. ஒரு கிண்ணத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்புகையில் துடுப்புக் காலைக் கீழ்நோக்கி அடித்துவிட்டேன். பல ஆண்டுகளாகப் படிந்திருந்த வண்டல் புகை போலக் கிளம்பியது. இரண்டு மூன்று நொடிகளில் என் கையே எனக்குத் தெரியவில்லை. டார்ச் வெளிச்சம் பால்போல வெளுத்து முகத்திலேயே திருப்பி அடித்தது. நெஞ்சு படபடக்க, மூச்சு வேகமெடுத்தது. நல்லவேளையாக, நுழையும்போதே வழிகாட்டி வாசலில் நூலைக் கட்டி, சுருளைப் பிரித்துக்கொண்டே வந்திருந்தார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கி நூலை அதற்குள் விட்டேன். பின்னாலிருந்தவர் என் கெண்டைக்காலைப் பிடித்தார். கண்ணால் ஒன்றும் காணாமல் அந்த நூலைத் தொட்டபடியே வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தோம். வெளியே வந்ததும் நான் முதலில் பார்த்தது மீட்டரைத்தான். பயம் எனக்கு 20 பார் செலவு வைத்திருந்தது.

அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாயா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. செங்கடலில் மோட்டார் சைக்கிள்களும் லாரிகளுமாகக் கிடக்கும் திஸில்கார்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல், 1941 அக்டோபரில் ஜெர்மன் விமானங்களின் குண்டுக்கு மூழ்கியது. அதிலிருந்து ஆளுக்கொன்றாகக் கழற்றிப் போனவர்களால் அந்தக் கப்பல் இழந்தது கொஞ்சமல்ல. 100 ஆண்டுகளுக்கு மேல் நீருக்குள் கிடப்பவற்றைக் காப்பதற்கென்றே யுனெஸ்கோ 2001-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. கிடக்கும் இடத்திலேயே விட்டுவைப்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்கிறது அது. எடுக்காமல் வந்தாலும், உள்ளே போகிற நம் மூச்சுக்குமிழ்கள் கூரையில் தேங்கி இரும்பைத் துருவாக்குகின்றன. அதனால் உள்ளே இருக்கும் நேரத்தையும் குறைத்துக்கொள்வது நல்லது.

மறுநாள் இன்ஜின் அறையைப் பார்ப்பதாகத் திட்டம். மாலுமி அறையைத் தாண்டியதும் எங்களில் மூத்தவர் கட்டைவிரலை மேலே காட்டினார். தண்ணீருக்குள் அதற்கு அருமை என்று பொருளில்லை, மேலே போவோம் என்று பொருள். அவர் மீட்டரின் முள் 140-ஐத் தொட்டிருந்தது. மற்றவர்களுக்கு 150-க்கும் மேல் இருந்தது. மற்ற ஐவரும் அதே சைகையைத் திருப்பிக் காட்டினோம். 5 மீட்டரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் தொங்கினோம், உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்காக.

படகேறியதும் அவர் முகமூடியைக்கூடக் கழற்றாமல், "என்னாலதான் உங்களுக்கெல்லாம் கெட்டுப்போச்சு" என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே," என்றாள் குழுவில் இளையவள். "நேத்து அந்த வண்டலுக்கு அப்புறம், எப்போ திரும்புவோம்னுதான் நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். கை தூக்கத்தான் தைரியம் வரலை."

அவர் முகமூடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். அடுத்த முறை இறங்கும்போது அவளைத்தான் தனக்கு ஜோடியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றும் மாலுமி அறைக்குக் கொஞ்சம் அப்பால் திரும்பினோம், இந்த முறை கட்டைவிரலைக் காட்டியவள் அவள். அந்த இன்ஜின் அறையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.