மடிப்பில் போன பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டுப் பழைய அகராதியைப் புரட்டும்போது ஒரு செய்தித்தாள் துண்டு கீழே விழுந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். பழுப்பேறி, நாலாக மடிந்து, மடித்த இடமெல்லாம் நைந்து போயிருந்தது. அது என் கொள்ளுத்தாத்தாவின் மரண அறிவிப்பு. 'சென்ற வியாழக்கிழமை காலமானார்' என்று இருந்தது. எந்த வியாழக்கிழமை, எந்த வருடம், எந்தப் பத்திரிகை, எதுவும் தெரியவில்லை. கத்தரித்தவர் அறிவிப்பை மட்டும் ஒட்டக் கத்தரித்திருந்தார். துக்கத்தில் இருந்தவருக்கு, இந்த வருடமும் ஒரு நாள் மறந்துபோகும் என்று எப்படித் தோன்றும்?

துண்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பாதி வெட்டுப்பட்ட ஒரு போர்ச் செய்தி. சிங்கப்பூர் சரணடைந்துவிட்டது என்று புரிகிற அளவுக்கு வரிகள் மிச்சம் இருந்தன. சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. செய்தி அடுத்த சில நாட்களில் அச்சாகியிருக்க வேண்டும். அப்படியென்றால் அந்த வியாழக்கிழமை பிப்ரவரி 12 அல்லது 19. ஒரு தலைமுறையாக யாருக்கும் தெரியாமல் இருந்த நாள், காகிதத்தைத் திருப்பியதும் கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது. அதனால்தான் பழைய துண்டுகளை அட்டையில் ஒட்டி வைக்கிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்கிறேன், தயவுசெய்து ஒட்டாதீர்கள். பின்பக்கம் இருக்கிற அரைகுறை விளம்பரமும் விளையாட்டுச் செய்தியும்தான் பல நேரம் தேதியைச் சொல்லும்.

அந்த அறிவிப்பில் இன்னொன்றும் இருந்தது. 'நான்கு மக்களை விட்டுச் சென்றிருக்கிறார்' என்று போட்டு, கீழே பெயர்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது மூன்று பேரைத்தான். என் தாத்தா, அவருடைய தம்பி, ஒரு தங்கை. நாலாவது பெயர் மடிப்பில் போய்விட்டது. பெயருக்கு முன்னால் இருந்த 'செல்வி' என்ற சொல் மட்டும் தப்பியிருந்தது. கல்யாணம் ஆகாத ஒரு பெண். யார் அவள்? பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து மரண அறிவிப்புகளை நான் வாசிக்கிற விதமே மாறிப்போனது. இறந்தவரைப் பற்றி அதில் இருப்பது மூன்று நான்கு வரி. மீதி முழுக்க அன்றைக்கு உயிரோடு இருந்தவர்கள். யார் யாருக்கு என்ன உறவு, எந்த மகள் எந்தக் குடும்பத்துக்கு மணமாகிப் போனாள், எந்த மகன் எந்த ஊரில் இருக்கிறான். ஒரு குடும்பம் ஒரே நாளில் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம் போல அதைப் பார்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழிலோ திருமணப் பதிவிலோ குடும்பம் இப்படி மொத்தமாக ஒரே இடத்தில் நிற்காது.

தமிழ் அறிவிப்புகளில் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல் வரும். குடும்ப வரலாற்றை ஆராய்கிறவருக்கு அது தங்கம். ஓர் அறிவிப்பில் ஒருவர் பெயர் வெறுமனே இருக்கிறது, ஆறு வருடம் கழித்து வந்த இன்னோர் அறிவிப்பில் அதே பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருக்கிறது. சரி, அவர் இந்த ஆறு வருடத்துக்குள் இறந்திருக்கிறார். இனி அவருடைய அறிவிப்பைத் தேட ஐம்பது வருடப் பத்திரிகையைப் புரட்ட வேண்டாம். வருடா வருடம் வருகிற நினைவஞ்சலிகளையும் இப்படி அடுக்கி வைத்துப் பாருங்கள். முதல் வருடம் கீழே எட்டுப் பெயர், அடுத்த வருடம் ஏழு, சில வருடம் கழித்து ஐந்து. யார் எப்போது குறைந்தார்கள் என்பது தானாகத் தெரியும்.

உறவுச் சொற்களிலும் தமிழ் நமக்குப் பெரிய உதவி. ஆங்கில அறிவிப்பில் அங்கிள் என்று போட்டால் அவர் அப்பாவின் அண்ணனா, தம்பியா, அம்மாவின் அண்ணன் தம்பியா, அத்தையின் கணவரா என்று தெரியாது. தமிழில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று போட்ட இடத்திலேயே பாதிக் குடும்ப மரம் வரைந்தாகிவிட்டது. மைத்துனர், கொழுந்தன், சகலை, இவையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே சொல். அதனால் ஒரே மரணத்துக்கு இரண்டு மொழியிலும் அறிவிப்பு வந்திருந்தால் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒன்றில் விட்டது மற்றதில் இருக்கும்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. மரண அறிவிப்பு என்பது குடும்பம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். பத்திரிகைக்காரர் விசாரித்து எழுதிய இரங்கல் கட்டுரை வேறு. கடைசி வரியில் 'தகவல்' என்று போட்டு ஒரு பெயர் இருக்குமே, அந்த மனிதர் என்ன சொன்னாரோ அதுதான் அச்சில் வந்தது. அவருக்கு வயது சரியாகத் தெரியாமல் இருக்கலாம். அவருக்குப் பிடிக்காத மருமகன் பெயர் விடுபட்டிருக்கலாம். முதல் தாரத்துப் பிள்ளைகள் ஒட்டுமொத்தமாகக் காணாமல் போயிருக்கலாம். ஒருவர் பெயர் இல்லை என்பதால் அவர் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்த இடத்தில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். குடும்ப வரலாறு அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான் என்பது என் அனுபவம்.

பழைய பத்திரிகைகளை இப்போது கணினியிலேயே தேட முடிகிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய நூலகம் நடத்தும் டிரோவ் தளத்தில் அந்த நாட்டுப் பழைய செய்தித்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கிடைக்கவில்லை என்றால் உடனே கைவிடாதீர்கள். அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தை அடையாளம் காண்பது ஓர் இயந்திரம். மை பரவிய இடத்தில் அது தப்பாகத்தான் படிக்கும். ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டு அச்சில் எஸ் எழுத்தை நீட்டி எஃப் மாதிரிப் போட்டிருப்பார்கள், அதையும் குழப்பிக்கொள்ளும். நம் பெயர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பிள்ளை என்ற ஒரு சொல்லையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருக்கிறார்கள். பெயரில் கிடைக்காவிட்டால் தெருப் பெயரில் தேடுங்கள், வேலை பார்த்த இடத்தின் பெயரில் தேடுங்கள். பெண்களைக் கணவர் பெயரில் தேட வேண்டியிருக்கும். எத்தனையோ பெண்கள் தங்கள் சொந்த மரண அறிவிப்பில்கூட இன்னாரின் மனைவி என்று மட்டுமே இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கனத்துப்போகும்.

அப்புறம் கல்லறைகள்.

கல்லைப் படிப்பதற்கு முன் அது என்ன கல் என்று பார்க்க வேண்டும். பளிங்கு பார்க்க அழகு, ஆனால் அமில மழையில் கரையும். நூறு வருடத்தில் எழுத்து மழுங்கிவிடும். மணற்கல் ஏடு ஏடாக உரியும், உரிந்தால் எழுத்தும் சேர்ந்து போகும். சிலேட்டுக் கல்லில் இருநூறு வருடத்து எழுத்துகூட நேற்றுச் செதுக்கியது போல இருக்கும். கருங்கல்லும் நன்றாகத் தாங்கும்.

மழுங்கிய எழுத்தைப் படிக்க வேண்டியது வெளிச்சம். அதுவும் பக்கவாட்டில் சாய்ந்து விழுகிற வெளிச்சம். உச்சி வெயிலில் வெற்றுக் கல்லாகத் தெரிவது, காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ போனால் எழுத்தாகத் தெரியும். கல் வேறு பக்கம் பார்த்து நின்றால் ஒரு கண்ணாடியைக் கொண்டுபோய் வெயிலைத் திருப்பி விடுங்கள். இருட்டில் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் பிடித்துப் படம் எடுத்தாலும் சரி. பாசி இருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும், அதுவும் கல் உறுதியாக இருந்தால் மட்டும். கம்பிப் பிரஷ் கூடாது, ப்ளீச்சிங் பவுடர் கூடாது. எழுத்து வெள்ளையாகத் தெரியும் என்று சவர நுரையைத் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இருக்கிற அமிலமும் எண்ணெய்ப் பசையும் கல்லின் துளைகளுக்குள் தங்கிவிடும். நீங்கள் ஒருமுறை படிப்பதற்காக அடுத்து வருகிறவர் படிக்க முடியாமல் செய்துவிடாதீர்கள்.

எழுத்து தெரிந்துவிட்டது, தேதியும் இருக்கிறது. உடனே எழுதிக்கொள்ளலாமா? பொறுங்கள். பிரிட்டனிலும் அதன் குடியேற்றங்களிலும் 1752இல் நாட்காட்டியை மாற்றினார்கள். செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று ஆனது. அதற்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி புது வருடம் பிறந்தது மார்ச் 25இல். ஆகவே அந்தக் காலத்துக் கல்லில் 1740 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1741 ஆக இருக்கலாம். முஸ்லிம் கல்லறைகளில் இருக்கும், கி.பி. 622இலிருந்து எண்ணுகிற ஹிஜ்ரி வருடத்துக்கு 354 அல்லது 355 நாள்தான், வெறுமனே 622ஐக் கூட்டினால் தப்பாகிவிடும். யூதர் கல்லறைகளில் ஹீப்ரு எழுத்துகளே எண்களாக நிற்கும், ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். வருகிற எண்ணோடு 1240ஐக் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருடம். தமிழ்க் கல்லில் பிரபவ என்று வருடப் பெயர் மட்டும் இருந்தால், 1867இல் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். கல்லின் தேய்மானத்தையும் பக்கத்துக் கல்லையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பக்கத்துக் கல் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஆளின் கல்லை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். அந்த வரிசை முழுவதையும் எடுங்கள். கல்லின் முதுகையும் எடுங்கள். மணமாகிப் போன மகள் வேறு குடும்பப் பெயரோடு மூன்று கல் தள்ளிப் படுத்திருப்பாள். அடுத்து, கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் அடக்கப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். கல் வைக்க வசதி இல்லாதவர்களும், பிறந்து சில நாளிலேயே இறந்த குழந்தைகளும் பதிவேட்டில் மட்டுமே இருப்பார்கள். கல் என்பது பல வருடம் கழித்து, காசு சேர்ந்த பிறகு, ஞாபகத்தில் இருந்ததை வைத்துச் செதுக்கியதாகவும் இருக்கும். பதிவேடு அன்றைக்கே எழுதியது. இரண்டும் முரண்பட்டால் நான் பதிவேட்டின் பக்கம்தான் சாய்வேன்.

போரில் இறந்தவர்கள் குடும்பத்தில் இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலைக் கட்டாயம் பாருங்கள். 1917இல் தொடங்கிய அமைப்பு. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டன், காமன்வெல்த் படைகளில் இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரம் அதில் இருக்கிறது, பிரிக்கப்படாத இந்தியாவின் சிப்பாய்களும் சேர்த்து. பல பதிவுகளில் அப்பா பெயரும் கிராமத்தின் பெயரும் உண்டு. முதல் உலகப் போரில் இறந்தவரின் கல்லில் குடும்பம் தன் சொந்த வாசகத்தைப் போட இடம் கொடுத்தார்கள், இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள். இறந்துபோன மகனுக்கு 66 எழுத்தில் ஓர் அம்மா என்ன எழுதுவாள்? அந்த வாசகங்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள், எந்த வரலாற்றுப் புத்தகமும் அப்படிப் பேசாது.

கல்லறை எப்போதும் அங்கேயே இருக்கும் என்று நம்பித் தள்ளிப் போடாதீர்கள். ஜெர்மனியில் குழியைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் 20, 30 வருடம். குடும்பம் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மற்ற இடங்களில் சாலை விரிவாக்கமும் மரத்தின் வேரும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.

என் கொள்ளுத்தாத்தாவின் கல் பளிங்கு. அவர் பெயர் ஆழமாக வெட்டியது, இன்றும் தெரிகிறது. இறந்த நாள் பிப்ரவரி 12. அதற்குக் கீழே கல் வெறுமையாக இருக்கும், அல்லது நாங்கள் எல்லோரும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தோம். இந்த முறை மாலையில் போனேன். கல் கிழக்கே பார்த்து நின்றதால் கண்ணாடியைப் பிடித்து வெயிலைக் குறுக்கே விட்டேன். வெறும் இடம் என்று நினைத்ததில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். ஈய எழுத்து! பளிங்கில் எழுத்தை லேசாக வெட்டி, உள்ளே துளை போட்டு, ஈயத்தை அடித்து இறக்குவார்கள். ஈயம் உதிர்ந்தாலும் எழுத்துக்கு இரண்டோ மூன்றோ துளை நிற்கும், மங்கலாக வெட்டின் ஓரமும் நிற்கும். ஒவ்வொரு எழுத்தாக நோட்டில் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்தேன். ஒரு பெண்ணின் பெயர். வயது 19.

மறுநாள் பதிவேட்டைப் பார்த்தேன். அதே குழி எண், இரண்டாவது அடக்கம், 1943 நவம்பர். அப்பா இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எதனால் இறந்தாள் என்று இல்லை. என் தாத்தா தன்னுடைய இந்தத் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

அத்தைக்குப் போன் செய்தேன். அவர் தாத்தாவின் மூத்த மகள், 1944இல் பிறந்தவர். "உங்களுக்கு யாருடைய பேரை வைத்தார்கள் அத்தை?" என்று கேட்டேன். "யாருடையதும் இல்லையே, அப்பாவுக்குப் பிடித்த பேர் என்று சொல்வார்" என்றார். கல்லில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் வந்தார். வெயில் சாயும் வரை இருவரும் காத்திருந்தோம். கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கி அவரே பிடித்துக்கொண்டார்.