துவராடைக்குள் என்ன?

நேயர்களுக்கு வணக்கம்.

சிறுவர்களுக்குச் சரித்திரக் கதை எழுதுகிறவன் நான். போன வருடம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம், பல்லவர் காலத்துப் புத்த பிக்ஷு ஒருவரை வரையச் சொன்னேன். மொட்டைத் தலை, துவராடை எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் மூன்று பேர் ஆடைக்குள் ஒரு கத்தியையும் செருகிவிட்டிருந்தார்கள்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் சரித்திரக் கதைகளில் துறவி வந்தாலே, 'ஒற்றனா, வேஷக்காரனா' என்று பார்க்கப் பழகிவிட்டோம். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலில் வரும் நாகநந்தி பிக்ஷுவை மறக்க முடியுமா? சாளுக்கிய மன்னன் புலிகேசியை உரித்து வைத்த முகம், உடம்பெல்லாம் விஷம். பன்னிரண்டு வயதில் படித்துவிட்டு இரவில் விளக்கை அணைக்கவே பயந்தேன். அதே கல்கிதான் 'பொன்னியின் செல்வ'னில், காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழிவர்மனை நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துப் பிக்ஷுக்களிடம் நம்பி ஒப்படைக்கிறார். அவர்களும் இளவரசரைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் யாரைக் கேட்டாலும் நாகநந்தி பெயரைத்தான் சொல்வார்கள். வில்லனுக்கு வாய்த்த ராசி அப்படி.

இந்தச் சந்தேகம் இன்று நேற்றுப் பிறந்ததும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு கேலி நாடகம் எழுதினான். காஞ்சித் தெருவில் பிச்சைப் பாத்திரமாக வைத்திருந்த கபாலத்தை, அதாவது மண்டையோட்டை, குடிவெறியில் தொலைத்த காபாலிகன் என்னும் சைவத் துறவி ஒருவன், எதிரே வரும் பிக்ஷுவை மடக்கி, 'ஆடைக்குள் எதை ஒளிக்கிறாய்?' என்று பிடித்துக்கொள்கிறான். உள்ளே இருந்தது பிச்சைப் பாத்திரம். கபாலத்தைக் கவ்விப் போனது ஒரு நாய்! பிக்ஷு ஒன்றும் உத்தமரில்லை. கள்ளையும் பெண்ணையும் புத்தர் ஏன் விலக்கி வைத்தார் என்று அங்கலாய்க்கிற ஆள். ஆனாலும் திருடர் இல்லை. அவர் பெயர் நாகசேனர். நாகநந்திக்கும் இவருக்கும் பெயர் இப்படிப் பொருந்தியது தற்செயலோ என்னவோ.

சரி, நான் மட்டும் யோக்கியனா? என் கதை ஒன்றில் ஒரு பிக்ஷு, இரவு விருந்தில் சாப்பிட்டபடியே ஒட்டுக் கேட்பார். அப்புறம் ரகசிய ஓலையோடு கோட்டையைத் தாண்டுவார். அதே வகுப்பில் இதைப் படித்துக் காட்டியபோது ஒரு சிறுமி எழுந்து, "சார், அவர் தினமும் எப்ப சாப்பிடுவார்?" என்றாள்.

அதைத் தேடிப் போய்த்தான் என் விருந்துக் காட்சியின் லட்சணம் தெரிந்தது. பிக்ஷுக்கள் உச்சிப் பொழுதுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. மழைக்காலம் மூன்று மாதமும் ஓரிடத்திலேயே தங்க வேண்டும். கைவசம் வைத்துக்கொள்ளும் பொருள்கள் மொத்தம் எட்டு: மூன்று துணி, ஒரு பாத்திரம், இடுப்புக் கச்சை, சவரக் கத்தி, ஊசி, தண்ணீர் வடிகட்டி. பிள்ளைகள் வரைந்த கத்தி ஒரு விதத்தில் சரிதான், தலை மழிக்க! என்னை நிறுத்தி வைத்தது அந்த வடிகட்டி. குடிக்கிற தண்ணீரோடு ஒரு பூச்சியும் வயிற்றுக்குள் போய்ச் சாகக் கூடாது என்பதற்காகத்தான் அது.

விருந்துக் காட்சியை அடித்துவிட்டேன். இப்போது அவர் விடியற்காலையில் வேகவதி ஆற்றங்கரையில் குந்தி, துணியில் தண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறார். ஓலை இன்னும் அவர் மடியில்தான் இருக்கிறது. அதை என்ன செய்வது என்றுதான் புரியவில்லை.